700 ரூபாயில் ஒரு கெமிக்கல் கம்பெனி... அதற்குள் போன ஓர் உயிர்!

2020-ல் கொரோனா வந்தப்போ ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரையைத் தேடி நாடே அலைஞ்சது ஞாபகம் இருக்கா? அப்போ செய்திகளில் அடிபட்ட பெயர்களில் ஒன்று, கொல்கத்தாவின் பெங்கால் கெமிக்கல்ஸ். அதைத் தொடங்கியவர் ஒரு காலேஜ் வாத்தியார், பிரபுல்ல சந்திர ரே.

1861 ஆகஸ்ட் 2-ம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். ஸ்காலர்ஷிப்பில் எடின்பரோ போய், 1887-ல் வேதியியலில் டி.எஸ்சி வாங்கினார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளம். படிச்ச பசங்க வேலையில்லாமல் திரிவது அவரை உறுத்தியது. 1892-ல் சுமார் 700 ரூபாயைப் போட்டு வாடகை வீட்டிலேயே கெமிக்கல் தயாரிக்க ஆரம்பிச்சார்.

காலையில் கல்லூரி, மாலையில் ஃபேக்டரி. பாஸ்பேட் எடுக்க கசாப்புக் கடை எலும்புகளை வாங்கி மொட்டைமாடியில் காயப்போட்டார். மழை பிடிச்சுக்கிச்சு. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி நாற, காக்கா கூட்டம் சுத்த, அக்கம்பக்கத்தில் ஒரே ரகளை!

அந்த ஒரு விபத்து

டாக்டர் அமுல்ய சரண் போஸ் அவருக்குத் தோள் கொடுத்தார். அமுல்யாவின் உறவினர் சதீஷ் சந்திர சின்ஹாவும் சேர்ந்தார். சதீஷ் வேதியியலில் எம்.ஏ படிச்சவர். எது ஆபத்து, எது விஷம்னு நல்லாவே தெரிஞ்சவர். ஆனாலும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும்போது தவறுதலாக ஹைட்ரோசயனிக் அமிலத்தின் விஷம் ஏறி இறந்துபோனார். 1898-ல் நோயாளியிடமிருந்து பிளேக் தொற்றி அமுல்யாவும் போனார். ரே கிட்டத்தட்ட தனியாளானார்.

உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதுதான் சயனைடின் வேலை. நிமிடங்களில் முடிஞ்சுடும். அப்புறம் தேடிக்கலாம்னு இருக்க முடியாது. மருந்தும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்திலேயே இருக்கணும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. ரேவுக்கு உலகப் புகழ் தந்தது 1896-ல் வெளியிட்ட மெர்குரஸ் நைட்ரைட் ஆய்வு. அதே நைட்ரைட் குடும்பத்தின் அமைல் நைட்ரைட்டும் சோடியம் நைட்ரைட்டும் 1930-களில் சயனைடு முறிவு மருந்தாக வந்தன. சதீஷுக்கு அது எட்டவில்லை.

உங்க ஷிஃப்ட்டில் நடந்தால்?

வையம்பட்டி, மணப்பாறையிலிருந்து திருச்சி பக்கம் யூனிட்களுக்கு வேலைக்குப் போறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க.

- தோலில் ஆசிட்: கெமிக்கல் பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்க. பேஸ்ட், நெய், சோடா உப்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு மாதிரி பொடின்னா, முதலில் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர்.
- கண்ணில் பட்டால்: இமையைத் திறந்து பிடிச்சு 15-20 நிமிடம் தண்ணீர் விடுங்க. கசக்கக் கூடாது.
- வாயு கசிந்தால்: மயங்கினவரைத் தூக்க, பாதுகாப்புக் கருவி இல்லாமல் உள்ளே பாயாதீங்க, அடுத்த ஆள் நீங்களாக இருக்கலாம். வெளியே வந்தவரை நல்ல காற்றில் வைங்க. சயனைடுன்னு சந்தேகம் இருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது.
- விழுங்கிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீங்க.
- எல்லாத்துக்கும்: உடனே 108. கேன் லேபிளை போனில் படம் பிடிச்சு டாக்டரிடம் காட்டுங்க.

ரே நிறுவனத்தை மூடவில்லை. 1901-ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது. 1905-ல் மாணிக்தலாவில் பெரிய ஃபேக்டரி. அவரோ கல்யாணம் பண்ணிக்காமல், பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தார். 60 வயதுக்குப் பிறகான சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார். 1944 ஜூன் 16-ல் இறந்தார்.

நாலு வருஷம் கழிச்சு, 1948 தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேணும்னு சொன்னது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் செய்த திருத்தம், கெமிக்கலின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வது முதலாளியின் கடமைன்னு சேர்த்தது. அதனால் கேட்கக் கூச்சப்படாதீங்க. பெட்டி எங்கே, கண் கழுவும் குழாய் எங்கே, அதில் தண்ணீர் வருதா... நாளைக்கு வேலையைத் தொடங்கும் முன்னாடியே பார்த்துடுங்க!