எண்களை ஏந்திய அம்மையார்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மங்கையாகவே நாம் பள்ளி நூல்களில் பயின்றோம். அவ்விளக்கினும் அவர் கைக் கணக்கேடே பெரிது என்பது நம் கருத்து.

1820இல் செல்வக் குடியில் பிறந்த அவர், 1854 நவம்பரில் 38 செவிலியருடன் இஸ்தான்புல் மாநகரின் கீழைக்கரையிலுள்ள உஸ்குதாரை அடைந்தார். கிரிமியப் போரில் உதுமானியருக்குத் துணைநின்ற ஆங்கிலேயர்க்குச் சுல்தானின் அரசு அளித்த படைவீடே அங்கு மருத்துவமனை ஆயிற்று. அதன் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. 1855 பிப்ரவரியில் நோயாளருள் 100க்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சில் வந்த நலவாழ்வு ஆணையர் கால்வாய்களைத் துப்புரவு செய்வித்தனர். இறப்பு விரைந்து குறைந்தது.

நாடு திரும்பிப் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் பதிவேடுகளை ஆராய்ந்தபோதுதான், மருத்துவமனையே பலரைக் கொன்றது என்பது அம்மையாருக்குத் தெளிவாயிற்று. தாம் உழைத்த இடம் என்று அவர் மறைத்தாரில்லை. மாதவாரி இறப்பை வண்ண வட்டப்படங்களாகத் தீட்டி, அச்சிட்டு, ஆட்சியாளர்க்கு அனுப்பினார். 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், மருத்துவமனைகள் யாவும் ஒரே படிவத்தில் கணக்கெழுத வேண்டும் என்னும் அவரது திட்டம் வைக்கப்பட்டது. கடும் நோயாளரை ஏற்கும் மருத்துவமனையில் இறப்பு மிகுதியாகத்தானே இருக்கும் என மருத்துவர் சிலர் எதிர்த்தனர். அது நேரிய கேள்வியே. வயது, நோய் வகை பாராது ஒப்பிடலாகாது என்பதை அம்மையாரும் அறிந்திருந்தார். கணக்கைச் செம்மையாக்க முயன்றாரேயன்றி, மூடிவைக்கச் சொன்னாரில்லை.

நம் நெஞ்சை உலுக்குவது பிறிதொன்று. அவர் பெயரால் திரண்ட நிதியைக் கொண்டு கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சிக் கூடம் நடந்தது. பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் இறக்கவே 1867இல் அது மூடப்பட்டது. பிறராயின் அத்துடன் மறந்திருப்பர். அம்மையாரோ 1871இல் வெளியிட்ட நூலில் தம் கூடத்தின் இறப்புக் கணக்கையும் அச்சேற்றினார். வீட்டில் ஈன்றோரினும் மருத்துவமனையில் ஈன்றோரே மிகுதியாக மாண்டனர் என்பதையும் காட்டினார். உறவினரை மருத்துவமனையில் சேர்க்கையில் கட்டணம் கேட்கும் நாம், அங்கு எத்தனை பேர்க்குத் தொற்று ஏற்பட்டது என்று என்றேனும் கேட்டதுண்டா?

1910இல் அவர் மறைந்தபோது பெனிசிலின் பிறக்கவில்லை. பின்னர் அத்தகு மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளிலேயே வளர்ந்தன. அவற்றுள் எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது குருதியில் கலந்து நோய் செய்தால், இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என 2001இல் விதி வந்தது. 2008க்குள் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தனர், குறைந்தது. அவ்வெண்கள் நிறுவனத்தின் பெயரோடு ஊரறிய வெளிவருகின்றன.