அச்சிட்டதைக் கேள்வி கேட்கக் கற்பித்த பண்டிதர்

பாடநூலில் அச்சிடப்பட்டதெல்லாம் உண்மையென ஏற்கும் பிள்ளை, அதில் தன் மக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததையும் இயல்பென ஏற்றுக்கொள்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எத்தகைய வாசிப்பு வேண்டும் என்று எண்ணும்போது, நாம் அயோத்திதாசப் பண்டிதரை நினைக்கிறோம்.

1845 மே 20 அன்று பிறந்த காத்தவராயன், தம் ஆசிரியரின் பெயரையே தமதாக்கிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்த திருக்குறள் ஏடுகளே எல்லீஸ் துரையிடம் சேர்ந்தன என்று அவர் பதிவு செய்துள்ளார். ஏடுகளைக் காத்த குடும்பத்தையே கல்விக்குத் தகுதியற்றதெனச் சமூகம் ஒதுக்கியது. இம்முரணை அவர் வாழ்நாள் முழுதும் விசாரித்தார்.

1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் கோயில் நுழைவு உரிமையையும், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியையும், தரிசு நிலத்தையும் கோரினார். கோயில் கோரிக்கை எதிர்க்கப்பட்டது. ஆல்காட் 1894 முதல் நடத்திய இலவசப் பள்ளிகளின் முயற்சியிலும் அவர் துணைநின்றார். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்.

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசா விலையில் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. இலக்கியம், பண்டிகை, சாதிப்பெயர், புராணம் ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்து, இதை எழுதியவர் யார், இதனால் பயன்பெற்றவர் யார், இதில் மறைக்கப்பட்டவர் யார் என்னும் நோக்கில் ஆராய்ந்தார். கிருஷ்ணகிரிக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலின் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் அவ்விதழின் ஊக்கமான வாசகராயினர். பௌத்த சங்கங்களையும் அமைத்தனர். கல்லூரி காணாத உழைப்பாளரும் வரலாற்றை விவாதிக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று. 1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார்.

அவரையும் நாம் கேள்வியின்றி வாசிக்கலாகாது. அவர் கூறிய சொற்பிறப்புகள் சிலவற்றை ஆய்வாளர் ஏற்பதில்லை. அருந்ததியர், குறவர் உள்ளிட்டோரைத் தம் பூர்வ பௌத்தர் வரிசைக்கு வெளியே நிறுத்தியது பெருங்குறை. அச்சமூகங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பண்டிதர் கற்பித்த கேள்விகளை அவர்கள் பண்டிதரிடமே கேட்கட்டும். அவ்வுரிமையை வழங்கும் வகுப்பறையே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.