கப்பல் டிக்கெட் இலவசம், கூடவே குடை: வ.உ.சி-யின் சுதேசி கம்பெனியை வீழ்த்திய விலைப் போர்

கொழும்புக்குக் கப்பலில் போகணுமா? காசு வேண்டாம், சும்மாவே ஏறிக்கொள்ளலாம். கையில் ஒரு குடையும் கிடைக்கும். நூறு வருஷத்துக்கும் முன்னால் தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கொடுத்த ஆஃபர் இது. பயணிகள் மேல் பாசமா? அதெல்லாம் இல்லை. குறி வைத்தது ஒரே ஒரு ஆளை: வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் அவர் ஓட்டிய கப்பல் ஏன் நின்றது என்பது அதிகம் பேசப்படாத கதை. அது ஏகபோகம் எப்படி வேலை செய்யும் என்பதற்கான பாடமும்கூட.

யார் இந்த வ.உ.சி?

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலுக்குப் படித்தார். தூத்துக்குடிக்கு வந்து தொழில் செய்தவர், சுதேசி இயக்கத்தில் இறங்கினார். 1905-ல் வங்கம் பிரிக்கப்பட்டதும் நாடு முழுக்க அந்நியப் பொருள் புறக்கணிப்பு சூடு பிடித்தது. பலர் துணியைப் பற்றிப் பேசியபோது, வ.உ.சி-யின் பார்வை துறைமுகத்தின் பக்கம் போனது.

தூத்துக்குடி - கொழும்பு பாதை ஏன் முக்கியம்?

பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914-ல்தான். அதற்கு முன் இலங்கைக்குப் போகிற வியாபாரி, தோட்டத் தொழிலாளி, சரக்கு என எல்லாவற்றுக்கும் பெரிய வாசல் தூத்துக்குடி. ரயிலில் வந்து இறங்கினால் அடுத்து கப்பல்தான்.

அந்தக் கப்பல் யாருடையது? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அது வைத்ததுதான் கட்டணம். பிடிக்கவில்லை என்றால் ஏறுவதற்கு வேறு கப்பல் கிடையாது. இதைத்தான் ஏகபோகம் என்கிறோம்.

சுதேசி கம்பெனி எப்படி உருவானது?

1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், மற்ற ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர்தான் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வ.உ.சி-யின் பதவி வெறும் உதவிச் செயலாளர். ஓடியாடி வேலை பார்த்தது அவர்.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் இல்லை, வாடகைக் கப்பல்தான். கப்பல் கொடுத்தவர்களுக்கு நெருக்கடி வந்ததும் அதுவும் கைவிட்டுப் போனது. வாடகைக்கு எடுத்தால் குடுமி அடுத்தவன் கையில் என்பது வ.உ.சி-க்குப் புரிந்துவிட்டது. பம்பாய் போய்ப் பணம் திரட்டினார். 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. மக்கள் கூட்டம் சுதேசிக் கப்பல் பக்கம் திரும்பியது.

விலைப் போர் எப்படி நடந்தது?

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசி கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. அடுத்து பிரிட்டிஷ் கம்பெனி போட்ட போடுதான் அந்த இலவசப் பயணமும் குடையும்.

நஷ்டம் இரண்டு பேருக்கும்தான். ஆனால் இரண்டு நஷ்டமும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்துமகா சமுத்திரம் முழுக்கக் கப்பல் ஓடியது. தூத்துக்குடியில் விட்டதை ரங்கூனில் பிடித்துக்கொள்ளலாம். சுதேசி கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரே பாதை. இங்கே கட்டணம் விழுந்தால் நிலக்கரிக்கும் சம்பளத்துக்கும் எங்கே போவது?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, போட்டியாளரை ஒழிக்கும் விலைக்குறைப்பு. அடக்க விலைக்கும் கீழே விற்பது, எதிராளி மூச்சுத் திணறும் வரை தாங்குவது, அவன் போன பிறகு இஷ்டத்துக்கு விலை வைப்பது. இன்று குடை வாங்கிய பயணிதான் நாளைக்கு அந்தக் குடைக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார்.

அரசாங்கம் என்ன செய்தது?

நடுநிலையாக இருக்கவில்லை. அதிகாரிகள் பிரிட்டிஷ் கம்பெனி பக்கம் சாய்ந்தார்கள் என்று சுதேசி தரப்பு புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு முடிச்சும் உண்டு. பிரிட்டிஷ் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜென்ட், ஹார்வி நிறுவனம். அங்கிருந்த கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்விதான். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும். சம்பள உயர்வு கிடைத்தது, தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கப்பலிலும் மில்லிலும் ஒரே நேரத்தில் அடி.

சில நாள்தான். மார்ச் 12-ம் தேதி வ.உ.சி கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை மொத்தம் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோவை சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவர் செக்கிழுத்தார்.

கம்பெனி என்ன ஆனது?

ஓட்டுகிற ஆள் உள்ளே. வெளியே கடன். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போயின. கொழும்புப் பாதையில் மறுபடியும் பழைய ராஜ்ஜியம்.

1919-ல் வால்சந்த் ஹிராசந்த் முதலானோர் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனியும் இதே கட்டணப் போரைச் சந்தித்தது. அது பிழைத்தது, ஆனால் சும்மா இல்லை. எவ்வளவு தூரம் வளரலாம் என்று எல்லை போடும் ஒப்பந்தத்தை 1923-ல் ஏற்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பிறகு?

1912 டிசம்பரில் வ.உ.சி வெளியே வந்தபோது வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. கப்பல் இல்லை, வக்கீல் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. பல வருஷம் கழித்து உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வறுமைக்கு நடுவிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18-ம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

வ.உ.சி காலத்தில் இந்த மாதிரி விலைக்குறைப்பைத் தடுக்க இங்கே சட்டம் கிடையாது. இப்போது உண்டு. 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்பதைத் தடை செய்கிறது. விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையம். சின்னக் கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அது வியாபாரம். சந்தையையே கையில் வைத்திருப்பவர் கொடுத்தால் கேள்வி வரும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பல் ஓட்ட விடாமல் அவரை விரட்டிய ஊரில், இன்று வருகிற ஒவ்வொரு கப்பலும் அவர் பெயரைச் சொல்லித்தான் கரை சேர்கிறது.