எண்களின் நேர்மைக்கு உழைத்தவர்

ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் தேதியைத் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1893-இல் அந்நாளில் கொல்கத்தாவில் பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பியாகவே பரவலாக அறியப்படுகிறார். அத்திட்டம் விவாதத்துக்குரியது. அவர் அமைத்துத் தந்த புள்ளிவிவரக் கட்டமைப்பே அதனினும் பெரிய கொடை என்று, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் கருதுகிறேன்.

கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று திரும்பிய அவர், கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அங்கு அவர் தொடங்கிய சிறிய ஆய்வகத்திலிருந்தே 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவாயிற்று.

வங்கத்தின் சணல் விளைச்சலைக் கணக்கிடும் பணி அவரிடம் வந்தது. வயல் வயலாக எண்ணுவதே துல்லியம் என்று நம்பப்பட்ட காலம் அது. முறையாகத் தேர்ந்தெடுத்த மாதிரிகளைக் கொண்டே, குறைந்த செலவில், நம்பத்தக்க மதிப்பீட்டைப் பெற முடியும் என்று அவர் நிறுவினார்.

மதிப்பீட்டில் நேரும் பிழையையும் அளந்து காட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைப்பார். இரு முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், களப்பணியில் குறை உண்டென்று வெளிப்பட்டுவிடும். தன் பணியைத் தானே சோதித்துக்கொள்ளும் முறை இது.

விடுதலைக்குப் பின், 1949-இல் அமைந்த தேசிய வருமானக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். அடுத்த ஆண்டே தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. வறுமை, வேலைவாய்ப்பு குறித்து நாம் நடத்தும் விவாதங்கள் பலவற்றுக்கும் அதுவே ஆதாரம். மகலனோபிஸ் 1972 ஜூன் 28-இல் மறைந்தார்.

அவர் வழிவந்த அமைப்பு நடத்திய 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரம் குறைவு என்று கூறி அரசு வெளியிடவில்லை. இதனால், 2011-12-க்குப் பின் 2022-23 ஆய்வு வரும்வரை, அதிகாரபூர்வ நுகர்வுத் தரவு இல்லாமலே வறுமையைப் பற்றி விவாதித்தோம். தரவில் குறை இருந்திருக்கலாம். குறையோடு சேர்த்து அதை வெளியிட்டு, ஆய்வாளர்களின் சோதனைக்கு உட்படுத்தியிருக்க வேண்டும். பிழையை அளந்து காட்டிய மகலனோபிஸின் மரபு அதுதான். வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே அறிவித்து, முடிவு எதுவாயினும் அன்றே வெளியிடும் சட்டப் பொறுப்பைப் புள்ளியியல் துறைக்கு வழங்குவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.