எண்ணெய்க் கலம் ஏந்திய பொறியாளர்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என் சித்தப்பா ஒரு சிறு மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டினோம். ஓட்டப் பாதையின் நீண்ட வளைவில் அதன் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அவரிடம்தான் கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தார். பேரிங்குகள் கறுத்துக் கிடந்தன. எண்ணெய் குறைந்துவிட்டதோ என்று கேட்டேன். அவர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பக்கவாட்டில் சட்டென்று இழுத்துக் காட்டினார். தண்ணீரெல்லாம் ஓர் ஓரம் ஒதுங்கிற்று. மறு ஓரம் வறண்டது. வேகமாக வளையும் காரில், சம்ப்பில் உள்ள எண்ணெயும் அப்படித்தான் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசிக் கெட்டுவிடும். எண்ணெய் இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தை அது அடைய வேண்டும்.

பந்தயக் கார்கள் தோன்றுமுன்பே, நீராவி இஞ்சினில் இந்த உண்மையோடு போராடி வென்ற ஒருவரைப் பற்றி அதன் பிறகு படித்தேன். அவர் பெயர் எலைஜா மக்காய்.

அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள்; அங்கிருந்து தப்பிக் கனடா சென்றவர்கள். அங்கே 1844இல் எலைஜா பிறந்தார். இயந்திரங்களின் மீது மகனுக்கு இருந்த ஆர்வத்தைக் கண்ட பெற்றோர், பதினைந்தாம் வயதில் அவரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பினர். அங்கே இயந்திரப் பொறியியல் பயின்று தேர்ந்து, மிச்சிகன் மாநிலத்தில் குடியேறியிருந்த குடும்பத்தாரிடம் திரும்பினார்.

கல்வி இருந்தது, கை வேலையும் தெரிந்தது. ஆனால் அவர் கறுப்பர். பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கரி அள்ளிப் போடும் வேலையும், இஞ்சினுக்கு எண்ணெய் இடும் வேலையுமே கிடைத்தன. எங்கள் கேம்ப்புப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் வியப்படைய மாட்டார்கள். பிறப்பைப் பார்த்து வேலை பங்கிடும் வழக்கம் அவர்கள் அறியாததா?

அந்நாளில் ரயில் இஞ்சினை அடிக்கடி நிறுத்தி, ஆள் இறங்கி, கையால் எண்ணெய் இட வேண்டும். நிறுத்தினால் காலம் வீண்; நிறுத்தாவிட்டால் இஞ்சின் வீண். எண்ணெய்க் கலத்தைக் கையில் ஏந்தி நின்ற மக்காய் இதைக் கண்டார்; சிந்தித்தார். இஞ்சினை ஓட்டும் நீராவியின் அழுத்தத்தைக் கொண்டே எண்ணெயை உருளைக்குள் செலுத்தும் ஒரு குவளையை அமைத்தார். 1872இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டியை நிறுத்தாமலே எண்ணெய் இட வழி பிறந்தது.

அதோடு அவர் ஓயவில்லை. வாழ்நாளில் 57 காப்புரிமைகள் பெற்றார். பெரும்பாலானவை எண்ணெய் இடும் கருவிகளுக்கே. மிகுந்த சூடேற்றிய நீராவியில் ஓடும் இஞ்சின்கள் வந்தபோது, எண்ணெயோடு கிராஃபைட் தூளைக் கலந்து செலுத்தும் கருவியையும் முதுமையில் உருவாக்கினார். ஆனால் முதல் இல்லாமையால் பல உரிமைகளைப் பிறருக்கு விற்க நேர்ந்தது. அவர் கண்ட கருவிகள் பல அவர் பெயரின்றியே ஓடின. தம் பெயரில் ஒரு நிறுவனத்தை அவர் தொடங்கியது 1920இல்தான். அப்போது வயது எழுபத்தாறு. 1922இல் கணவனும் மனைவியும் கார் விபத்தில் சிக்கினர். மனைவி மேரி பிழைக்கவில்லை. அவரும் உடல் நலிந்து, 1929இல் ஒரு மருத்துவ விடுதியில் மறைந்தார். டெட்ராய்ட் நகரில் 2012இல் திறந்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மறைந்து 83 ஆண்டுகள் கழித்து!

தாழ்ந்த வேலையும் அவரை உயர்த்திற்று என்று சொல்லி இந்த வரலாற்றை முடித்துவிடலாம். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. அவரை உயர்த்தியது எண்ணெய்க் கலம் அன்று. எடின்பரோவில் பெற்ற கல்வி. அந்தக் கல்விக்கு வழி செய்தவர்கள் அடிமைத்தளையிலிருந்து ஓடி வந்த பெற்றோர். அவர் போலவே கலம் ஏந்தி நின்ற எத்தனையோ பேர் படிக்க வழியின்றிப் பெயர் தெரியாமல் போயிருப்பார்கள் அல்லவா?

சித்தப்பா எங்கள் காரின் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். வளைவில் எண்ணெய் ஓரம் ஒதுங்காமல், உறிஞ்சு குழாயைச் சுற்றியே அவை நிறுத்தி வைக்கின்றன. அதே வளைவில் இப்போது கார் நிற்காமல் ஓடுகிறது. சித்தப்பா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருக்கு ஓர் எடின்பரோ வாய்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களை நினைத்து எண்ணிப் பாருங்கள்.