யேக்கப் யெருசால்மி

யேக்கப் யெருசால்மி (1904 - 1973) அமெரிக்காவில் பணியாற்றிய உயிரியல் புள்ளியியலாளரும் நோய்ப்பரவலியல் அறிஞரும் ஆவார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்தார். மருத்துவச் சோதனைகளின் நம்பகத்தன்மையை அளக்க இன்று உலகெங்கும் பயன்படும் இரண்டு அளவைகளை மருத்துவத் துறையில் அறிமுகப்படுத்தியவர் இவரே. தாயின் கருவுற்ற காலத்திலிருந்து குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரும் "குழந்தை நலம் மற்றும் வளர்ச்சி ஆய்வுகள்" என்னும் நெடுங்கால ஆய்வையும் இவர் தொடங்கினார். கருவுற்ற பெண்கள் புகைபிடிப்பதால் குழந்தையின் பிறப்பு எடை குறைகிறது என்ற கருத்தை ஏற்காததால் சர்ச்சைக்கும் உள்ளானார்.

தொடக்க காலம்

யெருசால்மி அடிப்படையில் ஒரு கணிதவியலாளர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பொதுச் சுகாதாரத் துறைக்கு வந்து, பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். பெற்றோரின் வயது, குழந்தை எத்தனையாவது பிள்ளை என்பது ஆகியவற்றுக்கும், பிறந்த முதல் மாதத்தில் நிகழும் இறப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1938 இல் கட்டுரை வெளியிட்டார். தாய் சேய் நலம் குறித்த இந்த ஆர்வம் அவருடைய இறுதிக்காலம் வரை தொடர்ந்தது.

மருத்துவச் சோதனைகளை அளத்தல்

1940களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறியப் பெருந்திரளான மக்களுக்கு மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. எந்த அளவு படச்சுருள் சிறந்தது என்று அறிய, ஒரே மக்களைப் பல முறைகளில் படமெடுத்து, அப்படங்களை மருத்துவர்கள் ஐவர் தனித்தனியே படித்துக் கூறும் ஆய்வொன்று நடைபெற்றது. யெருசால்மி அதன் புள்ளியியலாளர். 1947 இல் வெளியான முடிவு எதிர்பாராததாக இருந்தது. பட முறைகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட, படித்த மருத்துவர்களுக்கிடையே இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. அதே படத்தை அதே மருத்துவர் மீண்டும் படித்தபோதும் சில வேளைகளில் முன்பு கூறியதற்கு மாறாகக் கூறினார்.

இச்சிக்கலை ஆராய்ந்த யெருசால்மி, அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில் உணர்திறன், தனித்தன்மை என்ற இரு அளவைகளை முன்வைத்தார். நோய் உள்ளவர்களுள் எத்தனை பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களுள் எத்தனை பேரை நோயற்றவர் எனச் சரியாகக் கூறுகிறது என்பது தனித்தன்மை. எடுத்துக்காட்டாக, நோயுள்ள 100 பேரில் 90 பேரை ஒரு சோதனை கண்டுபிடித்தால் அதன் உணர்திறன் 90 விழுக்காடு ஆகும். எல்லோருக்கும் நோய் இருக்கிறது என்று கூறிவிடும் ஒரு சோதனையின் உணர்திறன் 100 விழுக்காடாக இருந்தாலும் அதனால் பயனில்லை. அதன் தனித்தன்மை சுழியம் ஆகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொடர்பும் காரணமும்

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதில் யெருசால்மி மிகவும் கண்டிப்பானவர். உணவிலுள்ள கொழுப்புக்கும் இதய நோய் இறப்புக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக ஆன்செல் கீஸ் 1953 இல் 6 நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார். யெருசால்மியும் எர்மன் ஹில்லபோவும் 1957 இல் 22 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அத்தொடர்பு வலுவிழந்தது. 1959 இல் கேரல் பாமருடன் சேர்ந்து, நாட்பட்ட நோய்களின் காரணங்களை நிறுவ என்னென்ன சான்றுகள் தேவை என்பது பற்றி மற்றொரு கட்டுரையை எழுதினார்.

குழந்தை நலம் மற்றும் வளர்ச்சி ஆய்வுகள்

பிறந்த பின் பதிவுகளைத் திரட்டினால், கருவுற்ற காலத்தில் நடந்தவற்றைத் தாயின் நினைவிலிருந்தே பெற வேண்டியிருக்கும். குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய் தன் கர்ப்ப காலத்தை மற்றவரைவிடக் கூர்ந்து நினைவுகூரக்கூடும். இக்குறையைத் தவிர்க்க, குழந்தை பிறக்கும் முன்னரே தகவல்களைப் பதிவு செய்வது என யெருசால்மி முடிவு செய்தார்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் கைசர் மருத்துவக் காப்புத் திட்டத்தில் இருந்த பெண்கள், கருவுற்றதும் இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1959 முதல் 1967 வரை 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஏறத்தாழ 20,000 கருத்தரிப்புகள் பதிவாயின. தகுதியுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் சேர்ந்தனர். ஒவ்வொருவரிடமும் உடல்நலம், பழக்கங்கள், கணவரைப் பற்றிய விவரங்கள் ஆகியவை நேரில் கேட்டு எழுதப்பட்டன. கர்ப்ப காலத்தில் பலமுறையும் மகப்பேற்றுக்குப் பின்னரும் எடுக்கப்பட்ட குருதி மாதிரிகள் உறைநிலையில் சேமிக்கப்பட்டன. பிறந்த குழந்தைகளுள் ஒரு பகுதியினர் 5 வயதிலும், 9 முதல் 11 வயதிலும், 15 முதல் 17 வயதிலும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர்.

புகைபிடித்தல் சர்ச்சை

புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன என்பது 1957 முதல் பேசப்பட்டு வந்தது. யெருசால்மியின் தரவுகளிலும் அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவற்றில் ஒரு முரண்பாடும் காணப்பட்டது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், புகைபிடிக்காத தாய்மாரின் குழந்தைகளைவிடப் புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் குறைவாகவே இறந்தன. 1971 இல் இதை விரிவாக வெளியிட்ட அவர், புகை காரணமாக இருக்க முடியாது என்றும், புகைபிடிக்கும் பெண்களின் இயல்பே காரணமாக இருக்கலாம் என்றும் கருதினார். பின்னாளில் புகைபிடிக்கத் தொடங்கிய பெண்கள், அதற்கு முன்னர் பெற்ற குழந்தைகளும் எடை குறைந்தே இருந்தன என்று 1972 இல் எழுதினார்.

இம்முடிவு தவறானது. 1984 இல் வெளியான ஓர் ஆய்வில், புகைபிடிக்கும் கர்ப்பிணிகள் 935 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினருக்கு மட்டும் பழக்கத்தைக் கைவிட உதவி அளிக்கப்பட்டது. அக்குழுவின் குழந்தைகள் சராசரியாக 92 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு நேரலாம் என்ற எச்சரிக்கை 1985 முதல் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளில் சுழற்சி முறையில் இடம்பெற்றது.

முரண்பாட்டுக்கும் பின்னர் விளக்கம் கிடைத்தது. குழந்தையின் எடை புகையாலும் குறையலாம், கடுமையான பிறவிக் குறைபாட்டாலும் குறையலாம். தாய் புகைபிடிக்காதவராக இருந்தும் எடை குறைந்தால், அதற்கு வேறு கடுமையான காரணம் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே எடை குறைந்த குழந்தைகளை மட்டும் தனியே பிரித்து ஒப்பிட்டால், புகை நன்மை செய்வதுபோன்ற பொய்த்தோற்றம் உண்டாகிறது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் புகையின் தீங்கு தெரிகிறது. 2006 இல் வெளியான ஒரு கட்டுரை இதைக் காரண வரைபடங்களின் துணையுடன் விளக்கியது. இன்று மாணவர்களுக்குப் "பிறப்பு எடை முரண்பாடு" என்ற பெயரில் இது கற்பிக்கப்படுகிறது.

மறைவுக்குப் பின்

யெருசால்மி 1973 இல் காலமானார். ஆய்வின் பொறுப்பை முதலில் பார்பரா வான் டென் பெர்க்கும், பின்னர் பார்பரா கோனும் ஏற்றனர். உறையவைத்த குருதி மாதிரிகளிலிருந்து, அவர் காலத்தில் எவரும் எழுப்பாத வினாக்களுக்கு விடை தேடப்பட்டது. அவற்றுள் சில:

2004: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று அறியப்பட்டது.

2007: 14 வயதுக்கு முன்னர் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு ஆட்பட்டு, குருதியில் அதன் அளவு மிகுந்திருந்த தாய்மாருக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது.

2015: கருவிலிருந்தபோது தாயின் குருதியில் டி.டி.டி.யின் ஒரு வகை மிகுந்திருந்த மகள்களுக்கு அந்நோய் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

2021: பாட்டியின் குருதியிலிருந்த அதே வகைக்கும், பேத்திகளின் உடற்பருமன், இளவயதில் பூப்பெய்தல் ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்பட்டது.

டி.டி.டி. அமெரிக்காவில் 1972 இல் தடை செய்யப்பட்டது. அந்தப் பேத்திகள் அத்தடைக்குப் பிறகு பிறந்தவர்கள். பயன்பாடு நின்ற பின்னும் ஒரு வேதிப்பொருளின் விளைவு எத்தனை தலைமுறை நீடிக்கும் என்ற வினாவை ஆராய, பாட்டி, தாய், மகள் ஆகிய மூவரின் பதிவுகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அத்தகைய பதிவுகள் உலகில் மிகச் சிலவே உள்ளன.

மதிப்பீடு

புகைபிடித்தல் குறித்த யெருசால்மியின் முடிவு நிலைக்கவில்லை. ஆனால் தரவுகளை முன்கூட்டியே, விடுபடாமல், ஒரே முறையில் திரட்ட வேண்டும் என்ற அவருடைய ஒழுங்கினால், அவர் காலத்தில் எவரும் எழுப்பாத வினாக்களுக்கும் பின்னர் விடை தேட முடிந்தது. டி.டி.டி. பற்றிய முடிவுகளும் கண்டறியப்பட்ட தொடர்புகளே. தொடர்பைக் காரணம் என்று கொள்வதற்கு முன் வேறு சான்றுகளையும் தேட வேண்டும் என்ற அவருடைய எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.