இருபதாயிரம் எழுத்தை எண்ணிய மேதை

வலங்கைமான் என்ற ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ங் வந்தவுடன் அடுத்தது க வரிசைதான் என்று நாக்குக்கே தெரிந்துவிடும். (இங்ஙனம் போன்ற சில சொற்கள் விதிவிலக்கு.) ஆனால் வ என்று மட்டும் எழுதி நிறுத்தினால்? வண்டியும் வரலாம், வயலும் வரலாம். ஓர் எழுத்து அடுத்த எழுத்தை எந்த அளவுக்குக் கட்டிப் போடுகிறது? இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார், ஒரு ரஷ்யர். அவர்தான் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ்.

1856-ல் பிறந்தவர். சிறு வயதில் முழங்காலில் நோய். பத்து வயது வரை ஊன்றுகோல்தான் துணை. அப்புறம் ஆப்பரேஷன் நடந்தது, நடக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் சுமார். தகப்பனார் ஒரு சீமாட்டியின் பண்ணையை நிர்வகித்து வந்தார். சீமாட்டியின் மகள் மரியாவுக்கு மார்க்கோவ் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பாடம் காதலாயிற்று. கணக்குப்பிள்ளை மகனுக்குப் பெண் கொடுக்கத் தாயாருக்கு மனமில்லை. மாப்பிள்ளை பெயரெடுத்த பிறகே சம்மதம் கிடைத்தது. 1883-ல் கலியாணம்.

பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் செபிஷேவ் என்ற பெரிய கணித மேதையிடம் பயின்று, அங்கேயே பேராசிரியரானார். மூக்கு நுனியில் கோபம். ஜார் மன்னனுக்கும் அஞ்சமாட்டார். எழுத்தாளர் கார்க்கியை விஞ்ஞானக் கழகம் தேர்ந்தெடுத்ததை 1902-ல் அரசு ரத்து செய்தபோது, துணிந்து கண்டனம் தெரிவித்தார். டால்ஸ்டாயை மதத்திலிருந்து விலக்கிய திருச்சபைக்கு, தம்மையும் விலக்கிவிடும்படி 1912-ல் மனுப் போட்டார்!

இந்தக் கோபம்தான் கணிதத்துக்கு லாபமாக முடிந்தது. நாணயத்தை ஆயிரம் தடவை சுண்டினால் ஏறத்தாழ பாதி தலை விழும். சுண்டச் சுண்ட விகிதம் நிலைபெறும். ஒன்றையொன்று பாதிக்காத நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இந்த விதி பொருந்தும் என்றார், மாஸ்கோ பேராசிரியர் நெக்ரசோவ். ஆண்டுதோறும் நடக்கும் குற்றங்களின் கணக்கு ஏறத்தாழ நிலையாக இருக்கிறதே, ஆகவே மனிதன் தன் இஷ்டப்படிதான் நடக்கிறான் என்று முடிவும் கட்டினார். மார்க்கோவுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றையொன்று பற்றி நிற்கும் நிகழ்ச்சிகளுக்கும் அந்த விதி பொருந்துமென்று 1906-ல் நிரூபித்தார். நாளைய நிலை இன்றைய நிலையை மட்டும் பொறுத்தது. நேற்றைய கதை வேண்டாம். இப்படிக் கண்ணி கண்ணியாகப் போவதற்கே மார்க்கோவ் சங்கிலி என்று பெயர்.

சொன்னால் போதுமா? உதாரணம் வேண்டாமா? புஷ்கின் எழுதிய காவியத்தை எடுத்தார். இடைவெளி, புள்ளிகளை நீக்கி, முதல் 20,000 எழுத்துக்களை நூறு நூறாகக் கட்டம் கட்டினார். இயந்திரம் கிடையாது. பென்சிலும் பொறுமையும்தான். உயிர் எழுத்து 8,638, மெய் 11,362. அதாவது நூற்றுக்கு 43 உயிர். ஆனால் ஓர் உயிரை அடுத்து உயிர் வருவது நூற்றுக்கு 13 கூட இல்லை. மெய்யை அடுத்தோ 66 தடவை உயிர் வருகிறது. எழுத்துக்கள் தனித்தனி ஆட்களல்ல, கைகோத்து வருகின்றன என்பது நிச்சயமாயிற்று. 1913-ன் தொடக்கத்தில் இதை விஞ்ஞானக் கழகத்தில் வாசித்தார். (அதே ஆண்டு ஜனவரியில்தான், வலங்கைமானுக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் சென்னையிலிருந்து ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.)

1917-ல் புரட்சி, பஞ்சம். மார்க்கோவ் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 1921-ல், காலுக்குச் செருப்பில்லாததால் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று கழகத்துக்குத் தெரிவிக்கும் நிலை. 1922 ஜூலையில் காலமானார்.

சங்கிலி மட்டும் அறுபடவில்லை. 1948-ல் அமெரிக்க நிபுணர் ஷானன், செய்தியில் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு புதுமை இருக்கிறது என்று அளக்க அதையே எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததில் புதுமை குறைவு. முந்திய எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் இந்தக் கணக்கு சுலபம்.

சங்கிலி ஒளிந்திருந்தால்? குடமுருட்டிக் கரையில் நிற்கும் வலங்கைமான் விவசாயிக்கு வாய்க்கால் தண்ணீர் மட்டும் தெரியும். மேலே மதகு திறந்திருக்கிறதா என்பது தெரியாது. வாய்க்கால் நிரம்பினால் மதகு திறந்ததாலும் இருக்கலாம், உள்ளூர் மழையாலும் இருக்கலாம். மதகின் நிலை நேற்றைய நிலையை மட்டும் பொறுத்ததாக வைத்துக்கொண்டாலும், தண்ணீரை ஊகிக்க நேற்றைய தண்ணீர் போதாது. முந்தாநாள், அதற்கு முந்திய நாள் என்று எல்லா நாளும் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரிப் புதுமை எவ்வளவு? 1957-ல் டேவிட் பிளாக்வெல் என்ற நீக்ரோ இனக் கணித மேதை இதில் இறங்கினார். விடைக்கு வழி காட்டினார். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் அகப்படவில்லை. இன்றும் இல்லை.

ஆகவே இரு பக்கமிருந்தும் நெருக்குகிறார்கள். இரண்டு விவசாயிகள் தினமும் வாய்க்காலைக் குறித்து வருகிறார்கள். ஒருவருக்கு மட்டும் முதல் நாள் மதகின் நிலை தெரியும். அவருக்குப் புதுமை சற்றுக் குறைவு, மற்றவருக்குச் சற்று அதிகம். உண்மை விடை இரண்டுக்கும் நடுவில். நாளாக ஆக அந்த முதல் நாள் சேதி பழசாகிப் போகிறது. இருவர் கணக்கும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடுகிறது.